வைட்பேண்ட் கட்டாயம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்த ஒருவர், இது வண்டியின் வயரிங் படமா என்று கேட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் இரண்டுக்கும் நடுவாக ஒன்றைக் கிறுக்கியிருக்கிறேன். படிப்பவர்கள் அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் மானத்தை வாங்கியது அந்த ரவும் றவும் அல்ல. ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் எழுதக்கூடிய 'ப'தான்.

என் பெயர் சவரிமுத்து. பென்னலூரில் ஒரு தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக் கடை வைத்திருந்தேன். கார்புரேட்டர் காலத்து ஆள். வண்டி வந்ததும் பானட்டைத் திறக்கமாட்டேன். சைலன்சருக்குப் பின்னால் போய்க் குந்துவேன். புகையை ஒரு இழுப்பு இழுப்பேன். கண் எரிந்தால் பெட்ரோல் அதிகம். அதற்கு 'ரிச்' என்று பெயர். கண் எரியாமல் வண்டி மட்டும் திக்கித் திக்கி ஓடினால் காற்று அதிகம், அது 'லீன்'. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ("மத்த பொம்பளைங்க வூட்டுக்காரரு மேல சென்ட்டு வாசனை அடிக்குது. எனக்கு வாய்ச்சவரு மேல சைலன்சர் வாசனை" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.)

கூச்சம் எனக்குக் கூடப் பிறந்தது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அவர் கேள்வி கேட்பார், நான் ரேடியேட்டரைப் பார்த்துப் பதில் சொல்வேன். அந்த ரேடியேட்டர்களுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும்.

இந்தச் சம்பவம் நடந்த சமயத்தில் எங்கள் கொட்டகை இருந்த இடம் விற்றுப்போயிருந்தது. குடோன் வரப்போகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் வேறு இடம் தேடுவதா, வேலை தேடுவதா என்று தெரியாமல், பகல் முழுவதும் ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசுகி மேடம் வந்தார்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில், டர்போ வண்டிகளுக்குக் குழாய்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். முன்பு ஒருமுறை அவருடைய சொந்தக் காரில் யாருக்கும் பிடிபடாத ஒரு சத்தத்தை நான் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடை வைத்திருப்பவர். முதன்முறை அதைக் கேட்ட ஸ்டெல்லா, "எனக்குத் தெரியாம எங்கய்யா கடை வெச்சிக்கினுகீற?" என்று கேட்டாள்.

"அண்ணாச்சி, எங்க டெஸ்ட் ஷெட்டுக்கு ஒரு ஃபிட்டர் வேணும்" என்றார் மேடம். "படிப்பு பாக்க மாட்டாவ. கைய மட்டும்தான் பாப்பாவ. ஞாயித்துக்கிழம எங்க மேனேஜர் வாராரு. ஒரு டர்போ வண்டிக்கு சென்சர் மாட்டி ஓட்டிப் பாக்கணும். நீங்க வந்து மாட்டுங்க, அவரு பாக்கட்டும். பிடிச்சிட்டுன்னா வேலை உங்களுக்குத்தான்."

"இன்னா சென்சர் மேடம்?" என்று ரேடியேட்டரைக் கேட்டேன்.

"காத்தும் பெட்ரோலும் எந்த அளவுல சேந்து எரியுதுன்னு புகைய மோந்து பாத்து சொல்லும்லா, அது. இருந்த சென்சர் கீழ விழுந்து போச்சு. ஸ்டோர்ல எழுதிப் போட்டா வர பத்து நாளாவும். நீங்கதான் எதையும் ஒரே நாள்ல கொண்டு வந்திருவியள. மத்த விவரத்தை மெசேஜ்ல போடுதேன்."

புகையை மோந்து பார்க்கும் சென்சர்! நான் இத்தனை வருடம் குந்திக் குந்திச் செய்த வேலையைச் செய்ய ஒரு பொருள். எனக்கு அது போட்டிக்காரனா சொந்தக்காரனா என்று தெரியவில்லை. ஆனால் பார்க்கவேண்டும் போல இருந்தது.

மேடம் மெசேஜ் போடும்வரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் ஆர்வத்தில் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

சென்னையில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், எனக்குப் பழக்கமான கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு இரும்புச் சாமான். நுனியில் சின்னச் சின்ன ஓட்டைகள், மூக்குத்துவாரம் போலவே. பின்னால் ஒயர்கள்.

"டர்போவுக்கா? நாலு ஒயரு வேணுமா, அஞ்சு ஒயரு வேணுமா?" என்றார்.

கேள்வி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் போல எனக்குத் தோன்றியது. நான் பெட்டிகளையே உற்றுப் பார்த்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் என் காதில் சொன்னது: கூட ஒரு ஒயர் இருந்தால், கூட ஒரு தொல்லை.

"நாலே போதும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

கடைக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "டர்போவுக்குத்தானே?" என்று மறுபடியும் கேட்டார். நான் கம்பீரமாகத் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் கம்பீரமாக இருந்த நேரங்கள் குறைவு. இருந்த ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகியிருக்கிறது.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மேடத்தின் மெசேஜ் வந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் மேடம் எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழிலேயே அடித்து அனுப்புவார். அந்த நல்ல மனதுதான் என்னைக் கவிழ்த்தது. மெசேஜ் இதுதான்:

'அண்ணாச்சி, நாளைக்கு காலை 7 மணி. வைட் பேண்ட் கட்டாயம். நேரோ பேண்ட் வேண்டவே வேண்டாம். அதோட வந்தா கேட்டுக்குள்ளயே விட மாட்டேன். புதுசா இருக்கணும். வேற யாரும் போட்டுக் கழட்டுனது வேண்டாம்.'

சென்சர்தான் ஏற்கனவே வாங்கிப் பைக்குள் இருக்கிறதே! அதனால் இது சென்சரைப் பற்றியதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என் இடுப்பைக் குனிந்து பார்த்தேன். லுங்கி.

"ஸ்டெல்லா" என்று கூப்பிட்டேன். "பேண்ட் போட்டுக்கினு வரணுமாம்."

ஸ்டெல்லா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் கம்பெனி சம்பந்தமான விஷயங்களுக்கும் இங்கிலீஷுக்கும் அவள்தான் பெரிய கோர்ட். போனை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"கரெக்டாத்தான் போட்டுகீறாங்க. கம்பெனின்னா அப்படித்தான்யா. எங்க லைன்ல கோட்டு, தொப்பி, செருப்பு மொதக்கொண்டு அவங்க சொல்ற கலர்லதான் இருக்கணும். தலையில ஒரு ஹேர்பின்னு இருந்தாக்கூட உள்ள வுட மாட்டாங்க."

"வைட்டுன்னா வெள்ளைதானே?"

"வெள்ளைதான். ஆனா இரு. நேரோன்னா குறுகலு. குறுகலு வேணாம்னா அகலம் வேணும்னு அர்த்தம். அகலத்துக்கும் வைடுதான்."

"இங்க வைட்டுன்னு போட்டுகீது."

"தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'ட்'டுதான்யா. நீ எத்தினியாவது படிச்ச?"

பத்து நிமிடம் வாதம் நடந்தது. மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் படித்த ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு, 'நான் என்ன பேண்ட் போடட்டும்' என்று கேட்பதா? அதற்கு நான் கொட்டகையிலேயே செத்துப்போவேன். கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவைத்தேன்.

கடைசியில் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: "வெள்ளையாவும் இருக்கட்டும், அகலமாவும் இருக்கட்டும். எப்படிக் கேட்டாலும் தப்பு வராது."

வெள்ளையாக, அகலமாக, யாரும் போட்டுக் கழற்றாத புதிய பேண்ட் ஒன்று அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணியின் வீட்டில்.

அந்தோணி பகலில் லாரி கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மற்ற நேரங்களில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். கல்யாணம், கோயில் திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் போவார்கள். எங்கள் கோயில் தேர்பவனிக்காக அவர்கள் செட்டுக்கே புது யூனிபார்ம் தைத்திருந்தார்கள். பளீர் வெள்ளை. இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சிவப்புப் பட்டை, அதன் ஓரத்தில் தங்க ஜரிகை. கீழே ஒவ்வொரு காலிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம், அவ்வளவு அகலம்.

"மாமா, நாளைக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு தேரு" என்றான் அந்தோணி, பேண்டைக் கையில் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. "மெக்கானிக் கையில வெள்ளை பேண்ட் குடுக்குறேன். என்னை மாதிரி ஒரு முட்டாளு ஊர்ல இருப்பானா?"

"மாமாவுக்கு வேலை விஷயம்டா" என்றாள் ஸ்டெல்லா.

"அதனாலதான் குடுக்குறேன். ஒரு பொட்டு கறை ஆச்சுன்னா வையி, ஃபாதர் முன்னாடி என் மானம் போயிடும்."

"குந்தமாட்டேன், சாயமாட்டேன். நின்னுக்கினே வேலை பாத்துட்டு வந்துடறேன்" என்று சத்தியம் செய்தேன். (காருக்கு அடியில் நின்றுகொண்டே எப்படி வேலை பார்ப்பது என்று இருபத்திரண்டு வருட மெக்கானிக் யோசிக்கவில்லை.)

ஞாயிறு காலை பைக்கில் ஒரகடம் போனேன். காற்றில் பேண்டின் இரண்டு கால்களும் கொடி போலப் பறந்தன. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வேலை கிடைக்கப்போகிறவனின் களை முகத்தில் தெரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிவப்புப் பட்டையில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"பேண்டு செட்டா? இன்னிக்கி பூஜை கீஜை ஒண்ணும் இல்லியே."

"வாசுகி மேடம் வரச் சொன்னாங்க" என்று கேட் கம்பியிடம் சொன்னேன்.

அவர் போனை எடுத்தார். "மேடம், பேண்டு வந்துடுச்சி."

ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "வந்துட்டா? அப்பாடா! சீக்கிரம் உள்ள அனுப்புங்க, மேனேஜர் காத்துக்கிட்டு இருக்காரு!"

"மத்தவங்க எல்லாம் பின்னாடி வராங்களா?" என்று செக்யூரிட்டி சாலையை எட்டிப் பார்த்தபடியே கேட்டைத் திறந்தார்.

உள்ளே நீளமான ஷெட். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நடுவில் ஒரு சிவப்புக் கார், பானட் திறந்தபடி. டர்போவை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றுதான். நத்தை ஓடு போல ஒரு சாமான். வெளியே போகிற புகையின் வேகத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றில் வெளிக்காற்றை இழுத்து, இன்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகப் போகிற மூச்சை வைத்து அடுத்த மூச்சை வாங்குகிறது. அதை நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி."

திரும்பினேன். மேடம். பக்கத்தில் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக மேனேஜர். இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணாச்சி, வைட்பேண்ட்?" என்றார் மேடம்.

எனக்கு ஆச்சரியம். கண்ணெதிரே நிற்கிறேன். ஒருவேளை சட்டை மறைக்கிறதோ என்று சட்டையை நாலு விரல் தூக்கிக்கொண்டு, பின்பக்கமும் தெரியட்டும் என்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன்.

"இதோ மேடம்."

எங்கேயோ ஒரு ஃபேன் மட்டும் ஓடியது.

"சென்சர்... சென்சர் கொண்டு வந்தியளா?" என்றார் மேடம். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேடம் ஒயர்களை எண்ணினார். நாலு. மறுபடியும் எண்ணினார். அப்போதும் நாலு.

"அண்ணாச்சி, இது நேரோபேண்டுல்லா?"

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. "இல்ல மேடம், நல்லா அகலமாத்தான் கீது" என்று சொல்லி, தொடைக்குப் பக்கத்தில் துணியை இரண்டு கையாலும் இழுத்து விரித்துக் காட்டினேன். "பாருங்க."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் பயந்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

சிரித்து முடிக்க மேடத்துக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் போட்ட மெசேஜை மேனேஜருக்கும் காட்டிவிட்டு, எனக்குப் புரியும்படி சொன்னார். சென்சரில் இரண்டு ஜாதியாம். இரண்டுக்கும் கடைசிப் பாதிப் பெயர் பேண்ட். இங்கிலீஷில் அதற்கும் போட்டுக்கொள்ளும் பேண்டுக்கும் முதல் எழுத்தே வேறாம், தமிழில்தான் இரண்டுக்கும் ஒரே 'ப'. நேரோபேண்ட், நான் வாங்கிய நாலு ஒயர். அதற்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை: அதிகம், கம்மி. எவ்வளவு அதிகம், எவ்வளவு கம்மி என்று சொல்லாது. சாதாரண வண்டிக்கு அது போதும். டர்போ அப்படியில்லை. காற்றை அடித்துத் திணிக்கும்போது அதற்கு ஏற்றாற்போலப் பெட்ரோல் போகாவிட்டால் உள்ளே சூடு ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் பிஸ்டன் உருகிவிடும். அதனால் ஒவ்வொரு நொடியும் அளவை எண்ணாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் ஐந்து ஒயர், அதுதான் வைட்பேண்ட்.

அதாவது, வாங்க வேண்டியதை நான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று சொன்னதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எனக்கு அந்த நத்தை ஓட்டுக்குள் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. வேலை போயிற்று. கொட்டகை போயிற்று. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். பையை எடுத்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்று தரையிடம் சொன்னேன்.

"இருங்க" என்றார் மேனேஜர். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. மேசை டிராயரைத் திறந்து ஒரு சென்சரை எடுத்தார். ஐந்து ஒயர். "பழசுதான். இன்னைக்கு ஒரு நாள் தாங்கும். போட்டுக் கழட்டினது, பரவாயில்லையா?" என்று மேடத்தைக் கேட்டுவிட்டு, என் இடுப்பைப் பார்த்தார். "அது?"

"புதுசு சார்" என்றேன்.

"நல்லது. பத்தரைக்கு நான் கிளம்பணும். மாட்டுங்க."

டர்போவின் வாயிலிருந்து கீழே இறங்கும் புகைக்குழாயில்தான் சென்சர் உட்கார வேண்டும். குழாயில் அதற்கு ஏற்கனவே மரை போட்ட துளை வைத்திருந்தார்கள். டர்போவுக்கு முன்னால் வைத்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் செத்துப்போகும். அதனால் டர்போ தாண்டி ஒரு முழத்துக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். நுனி கீழே பார்த்தபடி, சாய்வாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் கோக்கும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மேடம் சொல்லச் சொல்ல, ஒரு கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அதைக் குழாயில் மாட்டினேன். அடுத்து அந்தக் குழாயை டர்போவோடு சேர்த்து மூன்று நட்டுகளில் இறுக்க வேண்டும். அதற்குக் காருக்கு அடியில் போக வேண்டும்.

இங்கேதான் அந்தோணியின் முகம் என் கண்முன் வந்தது.

ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தேன். அதன்மேல் முதுகை மட்டும் வைத்து, இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கிக்கொண்டு, வெள்ளைத் துணி எதிலும் படாமல், கவிழ்ந்துபோன கரப்பான்பூச்சி மாதிரி உள்ளே நகர்ந்தேன். முதல் நட்டு இறுகியது. இரண்டாவதும் இறுகியது. மூன்றாவது உள்ளே தள்ளி இருந்தது. காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை அட்டையை விட்டு நகர்த்தினால்தான் முழு பலம் கொடுக்க முடியும். நான் காலை ஊன்றவில்லை. கைக்கு எட்டிய அளவு இறுக்கினேன். போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பேண்டில் ஒரு பொட்டு இல்லை.

மேடம் வண்டியை ஸ்டார்ட் செய்தார். டேஷ்போர்டில் மாட்டியிருந்த சின்ன வட்ட மீட்டரில் எண்கள் எரிந்தன. வண்டி சும்மா நிற்கும்போது பதினாலு புள்ளி ஏழுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். ஒரு பங்கு பெட்ரோல் எடைக்கு ஏறக்குறைய பதினாலேமுக்கால் பங்கு எடை காற்று. (காற்றுக்கு எடை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.)

ஆனால் மீட்டர் பதினாறைத் தாண்டி நின்றது.

"லீனா காட்டுது" என்றார் மேடம், கவலையாக. "கம்ப்யூட்டர் இதைக் கேட்டுத்தான் பெட்ரோல் ஊத்தும். ஊத்திக்கிட்டும் இருக்கு. அப்பமும் இறங்க மாட்டேங்கு. பெட்ரோல் பம்பு வீக்கா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "பம்ப்பைக் கழட்டினா இன்னைக்கு நாள் போச்சு. நாளைக்கு பாக்கலாம். விடுங்க."

நான் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கண் எரிந்தது. நன்றாகவே எரிந்தது. என் மூக்கு இது ரிச் என்றது. அந்தப் புது மூக்கு இது லீன் என்றது. நெருப்பில் நின்று எண் சொல்லும் மூக்கு பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் அதற்குத் தப்பான காற்றை யாரோ ஊட்டியிருக்கிறார்கள். அது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சொல்லாமல் போயிருக்கலாம். பம்ப் மேல் பழி விழுந்திருக்கும். அந்தோணியின் பேண்டும் அப்படியே வீடு வந்து சேர்ந்திருக்கும். நான் என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மேனேஜரின் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"சார், கண்ணு எரியுது. பெட்ரோல் அதிகமாத்தான் எரியுது. மூணாவது நட்டை நான் சரியா இறுக்கல. அந்தச் சந்துல வெளிக்காத்து உள்ள போய் சென்சருக்கு மின்னாடி கலக்குது. அதனால அது லீனுன்னு சொல்லுது. தப்பு என்னுது."

"ஏன் இறுக்கல?"

"பேண்ட் மச்சானுது சார். சாயந்திரம் தேரு."

நான் அட்டையை எடுத்து ஓரமாகப் போட்டேன். தரையில் உட்கார்ந்து, படுத்து, உள்ளே போனேன். குழாய் இன்னும் சுட்டது. காலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, ஜாக்கின் கிரீஸ் தொடையில் பட்டதும் தெரிந்து, அந்த மூன்றாவது நட்டை ஒரு மனிதன் எப்படி இறுக்க வேண்டுமோ அப்படி இறுக்கினேன்.

மறுபடியும் ஸ்டார்ட். மீட்டரில் பதினாறு, பதினைந்தரை, பதினைந்து. பிறகு மெதுவாகப் பதினாலு புள்ளி ஏழில் வந்து, கோயிலில் முட்டி போட்டவர் மாதிரி அசையாமல் நின்றது. கண் எரிச்சல் நின்றுவிட்டது. என் மூக்கும் அந்த மூக்கும் ஒரே சொல்லைச் சொன்ன முதல் தடவை அது.

பிறகு மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து (சீட்டில் பழைய பேப்பர் விரித்துத்தான்) கம்பெனியின் சோதனைச் சாலையில் ஓட்டினார். "எண்ணைப் படிச்சு சொல்லுங்க அண்ணாச்சி. பன்னெண்டரைக்கு மேல போனா சத்தம் போடுங்க." ஆக்சிலேட்டரை மிதித்ததும் டர்போ விசில் அடித்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எண் பதினாலிலிருந்து பன்னிரண்டு, பதினொன்றரை என்று இறங்கி, அங்கேயே நின்றது. உள்ளே எத்தனை ஆயிரம் வெடிப்புகள்! அத்தனைக்கும் நடுவில் கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று நெருப்பில் உட்கார்ந்துகொண்டு, நிதானமாக, 'சரியாக இருக்கிறது, சரியாக இருக்கிறது' என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெட்ரோல் எரிச்சலா அண்ணாச்சி?" என்றார் மேடம். ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: "மீட்டர் சொன்னதையும் கேட்டீங்க, மூக்கு சொன்னதையும் கேட்டீங்க. நல்லது. அடுத்த தடவை நட்டு சொல்றதையும் கேளுங்க. ஒண்ணாம் தேதி வாங்க." இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "பேண்ட் நாங்களே தருவோம்."

அந்தோணியிடம் போனேன். பேண்டின் முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம், காருக்கு அடியில் என்னென்ன உண்டோ அத்தனையின் படமும் விழுந்திருந்தது. ஸ்டெல்லா மூன்று சோப்பு போட்டுத் தேய்த்தாள். கருப்பு, சாம்பல் ஆனதோடு சரி. அன்று மாலை தேருக்கு முன்னால் பதினோரு பேர் வெள்ளை வைட் பேண்டில் வாசித்துக்கொண்டு போக, நடுவில் ஒருவன் மட்டும் காலோடு ஒட்டிய நீல ஜீன்ஸில் போனான். ஊர் முழுவதும் பார்த்த ஒரே ஒரு நேரோ பேண்ட். டிரம்பெட்டை அவன் தேரைப் பார்த்து ஊதவில்லை, கூட்டத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தே ஊதினான்.

இப்போது கம்பெனி பஸ் பென்னலூர் முனையில் எனக்காக நிற்கிறது. டிரைவர், "வைட்பேண்டு ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அந்தப் பேண்டை அந்தோணி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஷெட்டில் வைட்பேண்ட் சென்சர்கள் வைக்கும் டிராயர் என் பொறுப்பில் இருக்கிறது. கீழே விழுந்தாலோ அடிபட்டாலோ அவை போய்விடும் என்பதால் அடியில் மெத்தென்று ஒரு துணி விரித்திருக்கிறேன். வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்புப் பட்டை, தங்க ஜரிகை. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். மேடம் சிரிக்க ஆரம்பித்துவிடுவதால் யாரும் பதில் சொன்னதில்லை. கம்பெனி ஆண்டு மலரில் எழுதுங்கள் அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே தடவையாகத் தெரியட்டும் என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறாள். கடைக்குப் போய் ஒரு தலையணை உறை வாங்கிவர வேண்டுமாம். சரி என்று எழுந்தால், எங்கள் வீட்டில் யாரைக் கடைக்கு அனுப்பினாலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்கிறாள்:

"யோவ், தெளிவா சொல்லிட்டுப் போ. வாங்கிக்கினு வருவியா, போட்டுக்கினு வருவியா?"

20 ஜூலை 2025, ஞாயிற்றுக்கிழமை.